தோன்றா எழுவாய்: ஒரு காய்ச்சல் போஸ்டரைப் படித்தபோது

நாரணாபுரத்தில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் புரூஃப் பார்ப்பது என் வேலை. சிவகாசி பக்கம் தொழில் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானால் மார்கழி முடிகிற வரைக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. பொங்கல் கழிந்ததும் மெஷின் சும்மா நிற்கும். அப்போது ரேட்டும் குறையும். கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் தங்கள் போஸ்டர், ரெக்கார்டு நோட்டு, ஆண்டு மலர் ஆர்டர்களைப் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கொண்டு வருவார்கள்.

அப்படி ஒரு தை மாதம் வந்ததுதான் இந்தப் போஸ்டர். ஒரு பல்கலைக்கழகத்தின் விடுதிகளிலும் வகுப்பறை வாசல்களிலும் ஒட்டுவதற்காக, ‘இன்புளூயன்சா தடுப்பு விழிப்புணர்வு’ என்ற தலைப்பில், ஆர்ட் பேப்பரில் நாலு கலர். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். இதே மேட்டரை வேறு மூன்று நிறுவனங்களுக்கும் நான் புரூஃப் பார்த்திருக்கிறேன், லோகோ மட்டும்தான் மாறும். அதனால் இது ஒரு நிறுவனத்தின் மேல் குறை சொல்கிற கட்டுரை இல்லை. ஒரு கவிதையையோ சிறுகதையையோ எடுத்துவைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இந்தப் போஸ்டரை ஒரு பிரதியாக எடுத்துப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இவ்வளவு பேர் தினமும் பார்க்கிற எழுத்தை யாருமே விமர்சனம் செய்வதில்லை.

படத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நடுவில் ஒரு பையன் தும்முகிறான். கம்பளிக் குல்லா, கழுத்தில் மப்ளர். வாயிலிருந்து பச்சை நிறத்தில் கிருமிகள் பறக்கின்றன. இணையத்தில் காசு கொடுத்தோ கொடுக்காமலோ எடுத்த படம். பின்னணியில் லேசாகப் பனி விழுகிறது. எங்கள் ஊரில் பனி விழாது என்பதைச் சொல்ல ஒரு விமர்சகன் தேவையில்லை. ஆனால் அந்தப் பனி ஒரு தகவலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது: ஃப்ளூ என்பது குளிர்காலத்து நோய். அது ஐரோப்பாவுக்கும் காஷ்மீருக்கும் பொருந்தும். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நாட்டின் பல ஊர்களில் சேகரித்த மாதிரிகளைத் தொகுத்து 2015-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். டெல்லி, கொல்கத்தா போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழை மாதங்கள். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். அதாவது வடகிழக்குப் பருவமழை. நம்ம பக்கத்துக்கும் மழை அதுதான்.

இது எப்போதும் கடிகாரம் மாதிரி நடக்கும் என்றில்லை. 2023-இல் எச்3என்2 பிப்ரவரி, மார்ச்சில் பரவியது, தமிழக அரசு மார்ச் 10-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. ஆனாலும் பொதுவாகப் பார்த்தால் ஒரு கல்லூரி எந்த மாதத்துக்கு முன்னால் தயாராக வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. புரட்டாசிக்குள் ஒட்ட வேண்டிய போஸ்டர் தை மாதம் பிரஸ்ஸுக்கு வருகிறது, ரேட் குறைவு என்பதால்.

இனி எழுத்துக்கு வருவோம். என் தொழில் அதுதான்.

மொத்தம் எட்டு வரி. அடிக்கடி சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவவும். இருமும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளவும். கூட்டமான இடங்களைத் தவிர்க்கவும். காய்ச்சல் இருந்தால் அறையிலேயே ஓய்வெடுக்கவும். மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும். மருத்துவர் ஆலோசனையின்றி மாத்திரை உட்கொள்ள வேண்டாம். சத்தான உணவை உண்ணவும். தடுப்பூசி செலுத்திக்கொள்ளவும். அடியில் சிவப்புப் பட்டையில் பெரிய எழுத்தில்: ‘உங்கள் குடும்பத்தைக் காப்பது உங்கள் கையில்!’

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு ‘தோன்றா எழுவாய்’ நினைவிருக்கும். வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாது, வினையை வைத்து நாமே ‘நீ’, ‘நீங்கள்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் போஸ்டரின் எட்டு வரிக்கும் ஒரே தோன்றா எழுவாய்தான்: மாணவர். கழுவவும், தவிர்க்கவும், அணுகவும், உண்ணவும், எல்லாம் அவரைப் பார்த்துச் சொல்லும் மரியாதை ஏவல். ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல் லோகோவுக்குக் கீழே ஒரு தடவை வருகிறது. எந்த வாக்கியத்துக்கும் அது எழுவாயாக வரவில்லை. பல்கலைக்கழகம் எதையும் செய்வதில்லை, சொல்கிறது, அவ்வளவுதான்.

நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அண்ணன் மகள் வேறொரு மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இந்தப் போஸ்டர் வருவதற்கு முந்தின தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே குரல் கம்மியிருந்தது. “என்னத்தா, காய்ச்சலா?” என்று மதினி நெத்தியில் கை வைத்தார். “அதெல்லாம் சரியாப் போச்சு, மாத்திரை போட்டுட்டேன்” என்றாள். அறையில் நாலு பேர், அதில் மூன்று பேருக்கு அந்த வாரம் காய்ச்சல். இன்டர்னல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு வருகைப்பதிவு அப்போது 74 சதவீதம். காலையில் ஒரு பாராசிட்டமால், மத்தியானம் ஒன்று, வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். தீபாவளிக்கு விடுதியைப் பூட்டிவிட்டார்கள். அங்கேயே படுத்திருக்க நினைத்தாலும் முடியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். வயது 74, இருபது வருஷமாகச் சர்க்கரை, இளமையில் டிரெடில் மிதித்த உடம்பு, இப்போது வீசிங். எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கொண்டு போனோம். பரிசோதனையில் இன்புளூயன்சா ஏ, கூடவே நிமோனியா. ஒன்பது நாள் இருந்தார், அதில் நாலு நாள் ஐசியூ. பிழைத்து வந்துவிட்டார், ஆனால் மாடிப்படி ஏறுவது அதோடு நின்றது.

பிள்ளைக்கு டெஸ்ட் எடுக்கவில்லை. தீபாவளி நேரத்தில் சிவகாசியில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பிரித்துச் சொல்லிவிடவும் முடியாது. ஆனால் அவள் முடிவு செய்துவிட்டாள். “நான்தான் சித்தப்பா தாத்தாவுக்குக் குடுத்துட்டேன்” என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அழுதாள். தையில் அந்தச் சிவப்புப் பட்டை வாசகத்தின் புரூஃப் என் மேஜைக்கு வந்தபோது எனக்கு அந்த வராண்டாதான் ஞாபகம் வந்தது. காப்பது உங்கள் கையில். அப்படியென்றால் காக்கத் தவறியதும் உங்கள் கைதானே.

உண்மையில் அவள் கையில் என்ன இருந்தது?

‘கூட்டமான இடங்களைத் தவிர்க்கவும்.’ விடுதி அறை, மெஸ், கல்லூரி பஸ், அறுபது பேர் வகுப்பு. கூட்டமான இடங்கள் எவை என்று பட்டியல் போட்டால் அது பல்கலைக்கழகத்தின் வரைபடமாகவே இருக்கும். இவற்றில் எதையும் தவிர்க்கும் உரிமை மாணவருக்குக் கிடையாது. பல பல்கலைக்கழகங்களில் 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். அதற்குக் கொஞ்சம் கீழே வந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, சில இடங்களில் பணமும் கட்டி, பரீட்சை எழுத அனுமதி வாங்கலாம். மூன்று நாள் காய்ச்சலுக்குச் சான்றிதழ் வாங்க, அதே காய்ச்சலோடு ஒரு கிளினிக்கில் ஐம்பது பேருக்கு நடுவில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். ‘ஓய்வெடுக்கவும்’ என்று ஒரு தாளில் எழுதி, ‘வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது’ என்று பக்கத்திலேயே இன்னொரு தாளில் ஒட்டியிருக்கும். இரண்டையும் நாங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.

இதில் மாதக் கணக்கையும் பாருங்கள். மழை, ஃப்ளூ, தீபாவளிப் பயணம், இன்டர்னல், செமஸ்டர் பரீட்சைக்கு வருகைப்பதிவுக் கணக்கு முடிப்பது, எல்லாம் அக்டோபர், நவம்பரில் ஒன்றாக வந்து விழுகின்றன. காய்ச்சல்காரர் எழுந்து வெளியே நடமாட அதிகக் காரணம் இருக்கும் மாதம் இதுதான்.

தும்மும் பையனுக்கு மறுபடியும் வருகிறேன். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2012-13 ஃப்ளூ பருவத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2018-இல் வெளியானது. ஃப்ளூ உறுதியான 142 பேர், மாணவர்களும் வளாகத்தைச் சார்ந்தவர்களும். அவர்களை ஒரு கூம்பு மாதிரியான கருவிக்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா மூச்சுவிடவும் பேசவும் வைத்து, வெளிவரும் காற்றைச் சேகரித்தார்கள். இருமாதவர்களின் மூச்சிலும், மிக நுண்ணிய துளிகளில், உயிருள்ள வைரஸ் இருந்தது. தும்மல் அபூர்வமாகத்தான் வந்தது, அதற்குப் பெரிய பங்கும் இல்லை. ஆக, வாயை மூடி இருமும் பண்பான மாணவனும் அறையில் தூங்கும்போது மூச்சிலேயே பரப்பிக்கொண்டுதான் இருக்கிறான். அதே வளாகத்தில் பின்னர் விடுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, காற்றோட்டம் குறைந்த கட்டடத்தில் இருந்தவர்களுக்குச் சுவாசத் தொற்று அதிகம் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் 2006-07-இல் 1,400 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையில், முகக்கவசமும் கைச்சுத்தமும் சேர்ந்து இருந்த குழுவில் சில வாரங்களுக்குப் பிறகு காய்ச்சல் தொந்தரவு தெளிவாகக் குறைந்தது.

கை கழுவுவது வேண்டாம் என்று சொல்லவில்லை. வயிற்றுப்போக்குக்கும் அது நல்லது. ஆனால் போஸ்டரில் ஜன்னல் என்ற சொல்லே இல்லை. கொசுவுக்குப் பயந்து வலை அடித்து, அதன் மேல் பாலிதீன் ஒட்டி அடைத்த விடுதி ஜன்னல்களை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னால் வலையை யார் மாற்றுவது என்ற கேள்வி வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் என்றால் கரண்ட் பில். அந்த வாக்கியத்துக்கு எழுவாய் மாணவராக இருக்க முடியாது. அதனால்தான் அது எழுதப்படவில்லை என்று நினைக்கிறேன்.

நிறுவனம் எழுவாயாக மாற முடியாதா என்றால், மாறியிருக்கிறது. 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் கொரோனா பரவி, சில நாட்களில் நூறு பேரைத் தாண்டியது. பெரும்பாலோர் மாணவர்கள், அதிலும் இரண்டு விடுதிகளில் அதிகம். மெஸ்ஸில் கூடியதைக் காரணமாகச் சுகாதாரத் துறை சுட்டியது. அதன் பிறகு சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே அனுப்பினார்கள். ‘கூட்டத்தைத் தவிர்க்கவும்’ என்ற வரி அங்கே ‘நிர்வாகம் சாப்பாட்டை அறைக்கு அனுப்பும்’ என்று மாறியது. புதுச்சேரியில் 2023 மார்ச் 16 முதல் 26 வரை ஃப்ளூவுக்காகவே ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அது சரியா, மிகையா என்று வாதம் செய்யலாம். ஆனால் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் அரசு. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த சலுகை பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மூன்று நாளாவது கிடைக்கலாம்.

கொரோனா காலத்தின் இன்னொரு விளைவு பலருக்குத் தெரியாது. ஃப்ளூ பி வகையில் யமகாட்டா என்றொரு கிளை இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் அது உறுதியாகத் தென்படவில்லை. முகக்கவசம், பயணத்தடை, மூடிய வகுப்பறைகள் இவற்றால் அது அற்றுப்போயிருக்கலாம் என்கிறார்கள். ஊசியில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மனிதர்கள் விலகி இருந்தால் ஃப்ளூ எவ்வளவு சுருங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. விலகி இருக்க அனுமதி கொடுப்பது யார் என்பதுதான் பாக்கி.

ஐந்தாம் வரியில் எனக்குக் கோபமே வந்தது. ‘மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால்.’ ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் இது போதும். ஆனால் ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி, இவர்களுக்கு ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். மூன்று நாள் காத்திருக்கச் சொல்வது அந்த நேரத்தைக் கைநழுவ விடச் சொல்வது. 2009 பன்றிக்காய்ச்சல் காலத்திலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்து, இப்படிப்பட்டவர்களைத் தனியாகக் கவனிக்கச் சொன்னது. போஸ்டர் எல்லோரையும் ஒரே உடம்பாக நினைக்கிறது. வளாகம் என்றால் மாணவர் மட்டும்தானா? மெஸ்ஸில் சாதம் வடிக்கிற அம்மா, வாட்ச்மேன் தாத்தா, கழிவறை கழுவுகிறவர்கள், இவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும். அவர்கள் இந்தப் பிரதிக்குள் எங்குமே இல்லை.

ஆறாம் வரி மட்டும் நல்ல வரி. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கை ஃப்ளூவுக்குச் சகட்டுமேனிக்குச் சாப்பிடாதீர்கள் என்று எச்சரித்தது. ஏழாம் வரி, சத்தான உணவு. விடுதி மெஸ்ஸில் என்ன சமைக்க வேண்டும் என்று மாணவர் தீர்மானிப்பதாக எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடலாம்.

கடைசி வரி தடுப்பூசி. ‘செலுத்திக்கொள்ளவும்.’ எங்கே, எப்போது, எவ்வளவு? ஃப்ளூ ஊசி அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. வெளியே போட்டால் ஆயிரத்துக்கு மேல் ஆகும், அப்பாவுக்குப் போட்டபோது 1,800-க்குப் பக்கத்தில் வாங்கினார்கள். பட்டாசு ஆலைக்கு அன்றாடம் போகிற வீட்டுக்கு அது மூன்று நாலு நாள் கூலி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளையிடம் ‘செலுத்திக்கொள்ளவும்’ என்று சொல்லிவிட்டுப் போவதை எப்படி எடுத்துக்கொள்வது?

எல்லா மாணவருக்கும் இலவசமாகப் போட வேண்டும் என்று நான் வாதாடப்போவதில்லை. நன்றாகப் பொருந்தும் வருஷத்திலேயே இந்த ஊசியின் பலன் 40 முதல் 60 சதவீதம்தான். வருஷாவருஷம் போட வேண்டும். இந்தியாவில் முன்னுரிமைப் பட்டியல் என்றால் சுகாதாரப் பணியாளர், கர்ப்பிணி, முதியோர், நீண்டகால நோயாளி, சிறு குழந்தை. திடமான இளைஞர் அதில் வரமாட்டார். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் மெஸ், துப்புரவு, சுகாதார மைய ஊழியர்களுக்கும் வீசிங், சர்க்கரை உள்ள மாணவர்களுக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் போட்டுவிடலாம். அது சில நூறு ஊசி. மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். நர்சிங் மாணவிகள் இருக்கிற வளாகம் என்றால் ஊசி போட ஆள் தேடி வெளியே போகவும் வேண்டாம்.

இந்த நாட்டில் இது புதுச் சங்கதியும் இல்லை. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் வந்து இறங்கியது ஆசிய ஃப்ளூ. அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 44 லட்சம் பேருக்கு மேல், இறப்பு 1,098. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அப்போதே இன்புளூயன்சா மையம் இருந்தது. வைரஸைப் பிரித்தெடுத்துப் பார்க்கும் ஆய்வகம் எழுபது வருஷத்துக்கு முன்பே நம் மாநிலத்தில் இருந்திருக்கிறது. குல்லா போட்ட பையனை மட்டும் வெளியிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

புரூஃபோடு ஒரு தாள் வைத்து அனுப்பினேன். வழக்கத்தில் செய்யக்கூடாத வேலை, முதலாளிக்குத் தெரிந்தால் திட்டு. ஐந்து வரி எழுதியிருந்தேன். காய்ச்சல் என்று சொன்னால் மூன்று நாள் வருகைப்பதிவு குறைக்கப்பட மாட்டாது, சான்றிதழ் வேண்டாம். காய்ச்சல் உள்ளவருக்கு மெஸ்ஸிலிருந்து கஞ்சி அறைக்கு வரும். ஒவ்வொரு விடுதியிலும் காற்றோட்டமான ஒரு அறை காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பண்டிகை விடுமுறையில் காய்ச்சலோடு இருப்பவர் விடுதியிலேயே தங்கலாம். ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சுகாதார மையம் செப்டம்பரில் ஊசி போடும்.

மறுநாள் போன் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணாச்சி, நீங்க எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் போஸ்டர் மேட்டர் இல்லையே, சர்க்குலர் மேட்டர். அதுக்கு மேல கையெழுத்து வேணும். நீங்க ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக் குடுங்க.” அவர் சொன்னது சரிதான். அந்த மேட்டருக்குக் கையெழுத்து வேண்டும்.

‘இருமும்போது’ என்பதில் ‘ம்’ விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். பனி விழுகிற பின்னணியை மட்டும் டிசைனரிடம் சொல்லி எடுத்துவிட்டோம், அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. குல்லாவை எடுக்க முடியவில்லை, தலையோடு ஒட்டிய படம்.

அப்பாவுக்கு இந்தச் செப்டம்பரில் ஊசி போட்டாயிற்று. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம்: உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் என்று இரண்டு முறை வைரஸ் வகைகளைப் பரிந்துரைக்கிறது. இங்கே கடையில் இரண்டும் வரும். டப்பாவில் எந்த வருஷம், எந்த அரைக்கோளம் என்று போட்டிருக்கும், இருப்பதில் புதியதைக் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழை தொடங்குவதற்கு முன்னால். அண்ணன் மகளும் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இந்த செமஸ்டர் வருகைப்பதிவு 81. இரண்டு நாள் ஜுரத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.